நம்ம வெயிலுக்கு திக் ஆயிலா தின் ஆயிலா? காருக்கு எதை ஊத்தலாம்

பெட்ரோல் ஸ்விஃப்ட், 2014 மாடல், ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியாச்சு, வாரண்டி எல்லாம் எப்பவோ முடிஞ்சுது. திருச்சியில இருக்கற என் மச்சினனோட வண்டி. இதுக்கு என்ன ஆயில்னு கேட்டா மெக்கானிக் 20டபிள்யூ-50ங்கறாரு, ஷோரூம்ல 0டபிள்யூ-20 தான்ங்கறாங்க, ஸ்பேர்ஸ் கடைக்காரர் 10டபிள்யூ-30 செமி சிந்தெடிக் கேனை எடுத்து டேபிள் மேலயே வச்சுட்டாரு, கூட வேலை பாக்கறவரு 5டபிள்யூ-40 ஃபுல் சிந்தெடிக் தவிர எதையும் தொடாதங்கறாரு. "மாமா, இதுல யாரு சொல்றது சரி, அதை மட்டும் சொல்லுங்க"ன்னான். நான் சொன்னது 5டபிள்யூ-30, கேன்ல ஏபிஐ எஸ்என் இல்லன்னா எஸ்பின்னு (ஆயிலோட தரத்தை காட்டற ஸ்டாண்டர்டு எழுத்து) போட்டிருக்கணும். நாலு பேரும் சொல்லாத அஞ்சாவது. ஏன் அதுன்னு சொல்றதுக்கு தான் இவ்ளோ நீளம், அதோட உங்க வண்டி அந்த ஸ்விஃப்ட் கிடையாதே, டீசலா இருக்கலாம் டர்போவா இருக்கலாம், அப்ப பதிலும் மாறும்.

முதல்ல அந்த நம்பரை பாத்துடலாம். டபிள்யூக்கு முன்னாடி இருக்கறது குளிருக்கான டெஸ்ட். 0டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரில வச்சு டெஸ்ட் பண்றாங்க, 5டபிள்யூ மைனஸ் 30, 10டபிள்யூ மைனஸ் 25, அப்படியே அஞ்சஞ்சா ஏறி 20டபிள்யூக்கு மைனஸ் 15. இதை கேட்டதும் எல்லாரும் சொல்றது ஒண்ணு தான், நமக்கு எங்கப்பா மைனஸ், ஊட்டியிலயே ஜனவரி விடியக்காலைல தான் ஜீரோ பக்கம் போகும், அப்பறம் எதுக்கு 0டபிள்யூக்கு காசு குடுக்கணும்னு. கேக்க நியாயமா தான் இருக்கு. ஆனா இன்ஜினுக்கு 30 டிகிரியும் குளிர் தான். ஆயில் நிஜமா வேலை செய்யற சூடு 90லேர்ந்து 110 டிகிரி, காலைல நீங்க சாவி போடறப்ப அது 30 டிகிரில அடியில சம்ப்ங்கற ஆயில் தொட்டில கிடக்குது. 40 டிகிரில அளந்து பாத்தா 20டபிள்யூ-50 ஆயில் 160, 170 சென்டிஸ்டோக் (ஆயில் எவ்ளோ திக்னு அளக்கற அலகு) இருக்கும், 5டபிள்யூ-30 அறுபது சொச்சம், 0டபிள்யூ-20 நாப்பது சொச்சம். அதாவது நம்ம சித்திரை மாச வெயில்லயே, ஸ்டார்ட் பண்ற அந்த நேரத்துல, மெக்கானிக் சொன்ன ஆயில் ஷோரூம் ஆயிலை விட கிட்டத்தட்ட நாலு மடங்கு திக். மார்கழி காலைல தேங்காயெண்ணெய் பாட்டிலை கவுத்து பிடிச்சுட்டு நிப்பமே, மேல வால்வை திறக்கற கேம்ஷாஃப்ட் அப்படி தான் ஆயிலுக்கு காத்துட்டு நிக்கும். தேய்மானம் நிறைய நடக்கறதும் அந்த நேரத்துல தான்.

பின்னாடி நம்பர் சூடான இன்ஜினுக்கு, 100 டிகிரில அளக்கறது. 20ன்னா 6.9லேர்ந்து 9.3 சென்டிஸ்டோக்குக்குள்ள, 30ன்னா 9.3லேர்ந்து 12.5, 40ன்னா 16.3 வரைக்கும், அதுக்கு மேல 50. இங்க பாருங்க, 40 டிகிரில நாலு மடங்கு இருந்த வித்தியாசம் 100 டிகிரிக்கு வந்ததும் ரெண்டு மடங்கு சொச்சமா சுருங்கிடுது.

"வெளிய 42 டிகிரி அடிக்குது, தின் ஆயில் தண்ணியா போயிடும்"னு சொல்றது தான் நம்ம ஊர்ல அதிகமா கேக்கற பேச்சு. கூலன்ட்டோட சூட்டை தெர்மோஸ்டாட் பிடிச்சு வைக்குது, அது சுமாரா 82லேர்ந்து 88 டிகிரில திறக்கும், அது வேலூர் மே மாசமா இருந்தாலும் சரி கொடைக்கானல் டிசம்பரா இருந்தாலும் சரி. ரேடியேட்டர் நல்லா இருந்து ஃபேன் ஓடுச்சுன்னா வெளி வெயில் ஆயிலை பெருசா மாத்தாது. மாத்தறது லோடும் ஏத்தமும். அஞ்சு பேரு, டிக்கி ஃபுல்லு, ஏசி போட்டு 70 ஹேர்பின் பெண்டு கொல்லிமலை ஏறுனா ஆயில் சூடு கண்டிப்பா ஏறும். அந்த மாதிரி நேரத்துக்கு தான் இன்னொரு டெஸ்ட் இருக்கு, 150 டிகிரில ஆயிலை ரெண்டு இரும்புக்கு நடுவுல நசுக்கி சுத்தவிட்டு பாக்கறது. அதுல 20 கிரேடு குறைஞ்சது 2.6 வாங்கணும், 30 கிரேடு 2.9, 5டபிள்யூ-40 மாதிரி ஆயில் 3.5. இது தான் பேரிங் மேல நிக்கற படலத்தோட பலம். ஆக தின் ஆயில்ல மார்ஜின் கம்மிங்கறது பொய் இல்ல, மெக்கானிக் சொல்றதுல பாதி உண்மை இங்க தான் இருக்கு. அந்த மார்ஜின் போதுமாங்கறது இன்ஜினை எப்படி டிசைன் பண்ணிருக்கான்ங்கறதை பொறுத்தது.

கம்பெனிக்காரன் ஏன் தின் ஆயிலுக்கு போனான்? மைலேஜுக்கு தான், வேற ஒண்ணும் இல்ல. 2017-18லேர்ந்து இந்தியாவுல கம்பெனி விக்கற எல்லா காரோட சராசரி கார்பன் புகையும் கிலோமீட்டருக்கு 130 கிராமுக்குள்ள இருக்கணும்னு ரூல் வந்துச்சு, 2022-23லேர்ந்து அது 113. தின் ஆயில் போட்டா பம்புக்கும் பிஸ்டனுக்கும் இழுவை கம்மி, கொஞ்சம் எரிபொருள் மிச்சம், லட்சக்கணக்கான வண்டிக்கு பெருக்குனா கம்பெனிக்கு பெரிய விஷயம். புது மாருதிகள்ல 0டபிள்யூ-16 வரைக்கும் வந்தாச்சு. அதுக்காக ஏமாத்து வேலைன்னு சொல்லிட முடியாது, ஏன்னா அந்த இன்ஜின்கள்ல பேரிங் கேப், ஆயில் பம்ப், பிஸ்டன் ரிங் எல்லாமே அந்த ஆயிலை மனசுல வச்சே பண்ணது. புது வண்டி, வாரண்டில இருக்கு, மேனுவல்ல 0டபிள்யூ-20 இல்லன்னா 0டபிள்யூ-16 மட்டும் போட்டிருக்குன்னா அதை ஊத்திட்டு நிம்மதியா இருங்க, அதுல யோசிக்க எதுவும் இல்ல.

இப்ப ஸ்விஃப்ட்டுக்கு வருவோம். 20டபிள்யூ-50 ஏன் வேணாம்னா அந்த இன்ஜின்ல விவிடி இருக்கு, அதாவது வால்வ் திறக்கற நேரத்தை ஆயில் பிரஷரை வச்சே முன்ன பின்ன தள்ளற சிஸ்டம், சின்ன சின்ன ஓட்டை வழியா ஆயில் ஓடணும். டைமிங் செயினை இறுக்கி பிடிக்கற டென்ஷனரும் ஆயில் பிரஷர்ல தான் நிக்குது. காலைல முதல் ஸ்டார்ட்ல கொஞ்ச நேரம் சலசலன்னு செயின் சத்தம் வருதுன்னா ஆயில் அங்க போய் சேர நேரம் எடுக்குதுன்னு அர்த்தம் இருக்கலாம், அந்த வண்டிக்கு போய் இன்னும் திக்கா ஊத்தறது எந்த ஊர் நியாயம். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் போட்ட மாருதி 800 இதுக்கெல்லாம் 20டபிள்யூ-40 தான் ராஜா, அந்த இன்ஜின்கள்ல கேப்பும் பெருசு ஓட்டையும் பெருசு. மெக்கானிக் கைப்பழக்கம் அந்த காலத்துலேர்ந்து வந்தது. அதோட இன்னொரு காரணமும் இருக்கு, திக் ஆயில் ஊத்துனா இன்ஜின் சத்தம் அடங்கும், கஸ்டமர் ஓட்டிப் பாத்துட்டு "ஸ்மூத்தா இருக்குண்ணே"ம்பாரு. சத்தம் அடங்கறதும் தேய்மானம் அடங்கறதும் ஒண்ணு இல்ல.

0டபிள்யூ-20? போடலாம், தப்பே இல்ல. வண்டி ஆயில் குடிக்கலைன்னா, டவுன்குள்ள மட்டும் ஓடுதுன்னா அது போதும். மச்சினன் மாசத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோட மலைப்பக்கம் போறவன், இன்ஜினும் பழசு, அவன் வண்டி மேனுவல் டேபிள்ல 5டபிள்யூ-30யும் இருக்கு, அதனால ஸ்டார்ட்டிங்ல பெருசா எதையும் விட்டுக்குடுக்காம சூட்டுல ஒரு படி மேல நிக்கற கிரேடை சொன்னேன். மைலேஜ்ல கொஞ்சூண்டு குறையும், ஓட்டறவங்களுக்கு தெரியக்கூட தெரியாது. 10டபிள்யூ-30 செமி சிந்தெடிக்கும் கெட்ட ஆயில் இல்ல, சூட்டுல அதே 30 தான், விலையும் கம்மி, ஆனா செமின்னா எவ்ளோ செமிங்கறது கேன்ல எங்கயும் போட மாட்டாங்க, பத்து சதவீதம் கலந்தாலும் செமி முப்பது கலந்தாலும் செமி. 5டபிள்யூ-40 எப்பன்னா, ரெண்டு சர்வீசுக்கு நடுவுல கேஜ் கம்பியை உருவி பாத்தா லெவல் இறங்கிட்டே போகுது, கீழ எங்கயும் ஒழுகலை, காலைல நீலப்புகை லேசா வருதுன்னா, அப்ப ஒரு கிரேடு ஏத்தி பாக்கலாம். கொஞ்சம் ஆயில் குறையறதுக்கெல்லாம் பயப்பட வேணாம், ஃபோக்ஸ்வாகன் மேனுவல்லயே ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரைக்கும் போகலாம்னு இருக்கும், அது ரொம்ப தாராளம்னு தான் நான் நினைக்கறேன் ஆனா இருக்கு.

மினரலா சிந்தெடிக்காங்கற சண்டை தனி. ஃபுல் சிந்தெடிக்னு விக்கறதுல பெரும்பாலானது குரூப் 3 பேஸ் ஆயில், அதாவது கச்சா எண்ணெய்லேர்ந்தே வந்து ஹைட்ரஜன் வச்சு ரொம்ப சுத்தமா பிரிச்சு எடுத்தது. அதை சிந்தெடிக்னு சொல்லலாமான்னு அமெரிக்காவுல மொபில்காரன் காஸ்ட்ரால் மேல விளம்பர கமிட்டியில புகார் குடுத்து, 1999ல காஸ்ட்ரால் பக்கம் முடிவாச்சு, அன்னியிலேர்ந்து உலகத்துல பாதி கம்பெனி அதையே ஃபுல் சிந்தெடிக்னு விக்குது. பிஏஓங்கற நிஜமான செயற்கை பேஸ் குரூப் 4, விலை இன்னும் மேல. அதுக்காக குரூப் 3 மட்டம்னு நினைச்சுக்காதீங்க, தினசரி ஓட்டற வண்டிக்கு அது தாராளம், மினரலை விட சூட்டுல மெதுவா தான் கெடும், பிசின் மாதிரி படியறதும் கம்மி.

காசு கணக்கும் போட்டுடலாம். மினரல் ஊத்துனா 5,000 கிலோமீட்டருக்கு மாத்துங்கன்னு தான் நல்ல மெக்கானிக் சொல்லுவாரு, சிந்தெடிக்னா 10,000 இல்லன்னா ஒரு வருஷம், எது முன்னாடி வருதோ அது. ஒரு தடவைக்கு விலை வித்தியாசம் ஆயிரம் ரூபா முன்ன பின்ன வரும். ஆனா மினரல் ரெண்டு தடவை மாத்தணும், ரெண்டு ஃபில்டர், ரெண்டு லேபர், ரெண்டு நாள் வண்டி இல்லாம அலையறது, கூட்டி பாத்தா வருஷத்துக்கு சமமா தான் வந்து நிக்கும். வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர் கூட ஓடாத வண்டிக்கு மட்டும் கணக்கு மினரல் பக்கம் சாயும், ஆனா நின்னே கிடக்கற வண்டிலயும் ஆயில்ல ஈரம் சேரும், அதனால வருஷம் ஒரு தடவை மாத்தியே ஆகணும், ஓடலையேன்னு விடக்கூடாது.

கிலோமீட்டர் கணக்கே ஏமாத்தும், இதை நிறைய பேர் யோசிக்கறது இல்ல. சென்னை டிராஃபிக்ல சராசரி 20 கிலோமீட்டர் வேகத்துல ஓடற வண்டி 10,000 கிலோமீட்டர் முடிக்கறதுக்கு இன்ஜின் 500 மணி நேரம் ஓடிருக்கும். அதே 10,000 கிலோமீட்டரை திருச்சி பைபாஸ்ல 70ல ஓட்டி முடிச்சா 143 மணி நேரம் தான். ஓடோமீட்டர்ல ரெண்டும் ஒண்ணு, ஆயிலுக்கு மூணரை மடங்கு வித்தியாசம், அதுவும் சிக்னல்ல ஏசி போட்டு நின்ன நேரம் தனி கொடுமை. அதனால முழுக்க டவுன்குள்ளயே ஓடற வண்டின்னா எவ்ளோ ஒசத்தி சிந்தெடிக் ஊத்துனாலும் நான் 7,000, 7,500 தாண்ட விட மாட்டேன். ஒசத்தி ஆயில் வாங்கி 15,000 இழுக்கறவரை விட சுமாரான ஆயிலை டைமுக்கு மாத்தறவர் வண்டி நல்லா இருக்கும், இதுல எனக்கு சந்தேகமே இல்ல.

டீசல்காரங்களுக்கு கிரேடை விட ஸ்பெசிஃபிகேஷன் முக்கியம். மாருதி, டாடா, ஃபியட்னு எல்லாரும் போட்டு ஓட்டுன அந்த 1.3 லிட்டர் டீசல், தேசிய இன்ஜின்னே கிண்டல் பண்ணுவாங்க, மாருதி 2020ல நிறுத்திட்டாலும் ரோட்ல இன்னும் லட்சக்கணக்குல ஓடுது. அதுல டர்போவும் இருக்கு, டைமிங் செயினும் இருக்கு, ரெண்டுக்கும் சோறு ஆயில் தான். பழைய புகை விதிப்படி வந்த பிஎஸ்4 மாடல்ல, டிபிஎஃப்ங்கற கரி ஃபில்டர் இல்லாத வண்டின்னா 5டபிள்யூ-30 இல்லன்னா 5டபிள்யூ-40 நல்ல சிந்தெடிக் எதுவும் ஓகே, லாரிக்கு ஊத்தற 15டபிள்யூ-40ஐ விலை கம்மின்னு ஊத்தறது எனக்கு பிடிக்காது. மாத்துன மறுநாளே கறுத்துடுச்சு, ஆயில் டூப்ளிகேட்டான்னு கேப்பாங்க, இல்ல, டீசல்ல கரியை தனக்குள்ள இழுத்து மிதக்கவிடறது தான் ஆயிலோட வேலையே, கறுக்கலைன்னா தான் கவலைப்படணும்.

2020 ஏப்ரலுக்கு அப்பறம் வந்த பிஎஸ்6 டீசல்ல விஷயமே வேற. சைலன்ஸர் லைன்ல டிபிஎஃப் ஃபில்டர் இருக்கும், அது கரியை பிடிச்சு வச்சு ஹைவேல போறப்ப எரிச்சுடும். ஆனா இன்ஜினுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா எரியற ஆயில்ல இருக்கற உலோக சேர்மானம் சாம்பலா போய் அதுலயே உக்காரும், சாம்பலை எரிக்க முடியாது, உக்காந்தது உக்காந்தது தான். அதனால தான் ஏசிஇஏங்கற ஐரோப்பிய ஸ்டாண்டர்டுல சி2, சி3ன்னு சாம்பல் கம்மியான ஆயில் தனியா இருக்கு, சாம்பல் 0.8 சதவீதத்தை தாண்டக்கூடாதுன்னு ரூலு. பழைய டீசலுக்கு போடற ஏ3/பி4ங்கறது 1.6 வரைக்கும் போகும். ரெண்டு கேன்லயும் 5டபிள்யூ-30ன்னே போட்டிருக்கலாம், விலையும் ஒண்ணா இருக்கலாம், தப்பான கேனை பழக்கமா ஊத்துனா டிபிஎஃப் மாத்தற செலவுல ஒரு பழைய பைக்கே வாங்கிடலாம். இங்க மட்டும் மெக்கானிக் பேச்சு, என் பேச்சு எதையும் கேக்காதீங்க, மேனுவல்ல என்ன எழுத்து போட்டிருக்கோ அதே எழுத்து கேன் பின்பக்கம் இருக்கணும்.

டர்போ பெட்ரோல், அதுவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன்னா ஏபிஐ எஸ்பிக்கு கீழ இறங்காதீங்க. கம்மி ஆர்பிஎம்ல ஆக்சிலேட்டரை அழுத்தறப்ப ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே தானா வெடிக்கற ஒரு பிரச்சினை இந்த இன்ஜின்கள்ல உண்டு, பிஸ்டனையே உடைக்கற அளவுக்கு போகும். ஆயில்ல கால்சியம் டிடர்ஜென்ட் அதிகமா இருந்தா அது அதிகமாகுதுன்னு கண்டுபிடிச்சாங்க, 2018ல எஸ்என் பிளஸ், 2020ல எஸ்பின்னு ஸ்டாண்டர்டை மாத்துனது அதுக்கு தான். எஸ்பி பழைய வண்டிக்கும் போடலாம், பின்னாடி வர்ற எழுத்து முன்னாடி உள்ளதையும் சேத்துக்கும், ஆனா திருப்பி போகாது. கடைல இன்னும் எஸ்எல்னு 2001 காலத்து ஸ்டாண்டர்டு கேன் கிடைக்குது, விலை கம்மியா இருக்கறதுக்கு அது தான் காரணம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, பென்ஸ், பிஎம்டபிள்யூ வச்சிருக்கவங்களுக்கு கம்பெனி சொந்தமா ஒரு அப்ரூவல் நம்பர் குடுத்திருக்கும், ஃபோக்ஸ்வாகனுக்கு 502 00, பென்ஸுக்கு 229.5 அந்த மாதிரி. கேன்ல "அப்ரூவ்டு"ன்னு இருந்தா கம்பெனி டெஸ்ட் பண்ணி ஒத்துக்கிட்டது, "மீட்ஸ்", "சூட்டபிள் ஃபார்"னு இருந்தா ஆயில்காரன் அவனா சொல்லிக்கறது. சிஎன்ஜி வண்டிக்கு தனி ஆயில் தேடி அலைய வேணாம், மேனுவல் கிரேடே போதும், ஒண்ணே ஒண்ணு, கேஸ்ல கரி ரொம்ப கம்மிங்கறதால ஆயில் சீக்கிரம் கறுக்காது, அதை பாத்து இன்னும் ஓட்டலாம்னு இழுத்துட்டு போகாதீங்க.

பிராண்டு எதுன்னு கேப்பீங்க. ஷெல், காஸ்ட்ரால், மொபில், மோட்டுல், நம்ம இந்தியன் ஆயிலோட சர்வோ, பாரத் பெட்ரோலியத்தோட மேக், கல்ஃப், எது வேணா இருக்கட்டும், ஒரே கிரேடு ஒரே ஸ்பெசிஃபிகேஷன்னா தினசரி ஓட்டறவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. சர்வோ பங்க்ல விக்கறதாலயே மட்டம்னு ஒரு நினைப்பு இருக்கு, அது வெறும் கௌரவ பிரச்சினை. கார் கம்பெனி பேர் போட்ட ஜெனுயின் ஆயிலும் ஏதோ ஒரு ஆயில் கம்பெனி தயாரிச்சு குடுக்கறது தான், விலை பெரும்பாலும் நியாயமாவே இருக்கும், அதனால எதுவும் புரியலைன்னா அதையே வாங்குங்க. பயப்பட வேண்டியது டூப்ளிகேட்டுக்கு. பெரிய பிராண்டு, எம்ஆர்பில பாதி விலைன்னா ஓடி வந்துடுங்க. பங்க், கம்பெனி டீலர், சென்னை ஜி.பி. ரோடு மாதிரி ஸ்பேர்ஸ் மார்க்கெட்ல பில் குடுக்கற கடை, இதுல ஏதாவது ஒண்ணுல வாங்கிட்டு போய் மெக்கானிக்கிட்ட குடுக்கறது தான் நல்லது, சீலை உங்க முன்னாடி உடைக்க சொல்லுங்க, காலி கேன்ல டூப்ளிகேட் நிரப்ப முடியாதபடி மூடியோட அப்படியே குடுக்காம ஓட்டை போட்டு குடுங்க. வாரண்டில இருக்கற வண்டிக்கு வெளிய ஊத்தறதா இருந்தா பில்லும் கேன் போட்டோவும் பத்திரமா வைங்க.

சர்வீஸ் சென்டர்ல விட்டா எஸ்டிமேட்ல இன்ஜின் ஃப்ளஷ், ஆயில் அடிட்டிவ், டிகார்பனைசிங்னு மூணு வரி கூடுதலா இருக்கும். டைமுக்கு ஆயில் மாத்துன வண்டிக்கு மூணும் தேவையில்ல, அந்த வரிகளை எஸ்டிமேட்லேர்ந்து எடுத்துட சொல்லுங்க. ஆயில் ஃபில்டரும் டிரெயின் போல்ட் வாஷரும் மட்டும் கண்டிப்பா புதுசு, வாஷர் சில்லறை காசு, அதை மிச்சம் பிடிச்சு கீழ சொட்டு சொட்டா ஒழுகற வண்டி எத்தனையோ.

கடைசியா அளவு. ஸ்விஃப்ட் மாதிரி சின்ன இன்ஜினுக்கு ஃபில்டரோட சேத்து மூணு லிட்டருக்கு கொஞ்சம் மேல தான் பிடிக்கும், கடைல கேன் மூணரை லிட்டர், நாலு லிட்டர்னு தான் வருது. காசு குடுத்து வாங்குனதாச்சேன்னு கேனை முழுசா கவுத்துடுவாங்க, கம்பில மேல் கோட்டை தாண்டிடுச்சுன்னா கிராங்க்ஷாஃப்ட் அதுல அடிச்சு நுரை கிளப்பும், நுரையை பம்ப் பண்ணா பிரஷர் வராது. மூணு லிட்டர்ல நிறுத்த சொல்லி, ரெண்டு நிமிஷம் ஓட்டி ஆஃப் பண்ணி, அஞ்சு நிமிஷம் கழிச்சு சமதரையில வச்சு கம்பி பாத்து மிச்சத்தை ஊத்துங்க. மீந்ததை மூடி டைட்டா போட்டு டிக்கில வச்சுக்கிட்டா நடுவுல டாப்-அப்புக்கு ஆகும், ஆனா வீட்ல நிக்கற பைக்குல ஊத்திடாதீங்க, கியர் பைக்குல அதே ஆயில் தான் கிளட்சுக்கும், கார் ஆயில்ல இருக்கற வழுக்கல் சமாச்சாரத்துல கிளட்ச் பிளேட் பிடிக்காம நழுவும், அதுக்கு ஜாசோ எம்ஏன்னு போட்ட ஆயில் தனியா வாங்கணும்.